மாற்று மூட்டோடு மறுபடி பனிமலைக்கு

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிற உறவுகள் அநேகமாக ஒரே மாதிரிதான் வாழ்த்துவார்கள். வலி இல்லாமல் நாலு எட்டு நடந்தால் போதும், மாடிப்படி ஏறினால் போதும், மீனாட்சியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். 2022 மாசியில் என் இடது முழங்காலை மாற்றியபோது, எங்கள் திருப்பாலை வீட்டுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொன்னதுதான், அதில் குறை இல்லை. ஆனால் அறுபது வயதுப் பெண்ணின் காலுக்கு இதற்கு மேல் வேலை இருக்காது என்று எல்லாருமே முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு அந்தக் காலை வைத்து மறுபடி ஸ்னோபோர்டு ஓட்ட வேண்டியிருந்தது.

நான் மதுரைக்காரி. லேடி டோக் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். கல்யாணமாகிச் சில வருஷங்களில் கணவரின் வேலையை ஒட்டி கனடாவில் கால்கரிக்குப் போனோம். நானும் அங்கே ஓர் எண்ணெய் நிறுவனத்தில் நில அதிர்வுத் தரவுகளை அலசும் வேலையில் சேர்ந்தேன். கால்கரியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ராக்கி மலைத்தொடர். குழந்தைகளைப் பனிச்சறுக்கு வகுப்பில் விட்டுவிட்டு அடிவாரத்தில் காப்பிக் கோப்பையோடு நிற்கிற அம்மாக்களில் நானும் ஒருத்தியாகத்தான் இருந்தேன். நாற்பது வயதை ஒட்டி, நின்றது போதும் என்று தோன்றி, எனக்கும் ஒரு பலகையை வாடகைக்கு எடுத்தேன். அதற்கப்புறம் குளிர்காலம் எப்போது வரும் என்று காத்திருக்கிற ஆளாகிவிட்டேன்.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஸ்னோபோர்டு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பலகை. இரண்டு கால்களும் அதில் பூட்டப்பட்டிருக்கும், உடம்பு பக்கவாட்டில் திரும்பி நிற்கும். எனக்கு இடது கால் முன்னால், வலது கால் பின்னால். பலகையின் இரு ஓரத்திலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. ஒன்று கால்விரல் பக்கம், மற்றது குதிகால் பக்கம். சாதாரணமாகத் திரும்பும்போது பலகையின் வாலைப் பக்கவாட்டில் தள்ளி, பனியைச் சுரண்டிக்கொண்டே சறுக்குவார்கள். வேகம் குறையும், திசை மாறும், பின்னால் அகலமான ஒரு தடம் விழும். பத்திரமாக இறங்க அது நல்ல வழி.

கார்விங் வேறு. பலகையின் ஓரம் நேர்கோடாக இருப்பதில்லை, நடுவில் உள்வாங்கி வளைந்திருக்கும். பலகையைச் சாய்த்து விளிம்பின் மேல் நிறுத்தி எடையை ஏற்றினால், நடுப்பகுதி பனியில் அமரும் வரை பலகையே வளைந்துகொடுக்கிறது. வளைந்த பலகை அந்த வளைவிலேயே திரும்புகிறது. நாம் தள்ள வேண்டியதில்லை, சுரண்ட வேண்டியதில்லை. மூக்கு போன தடத்திலேயே வாலும் போகும். நின்று திரும்பிப் பார்த்தால் பனியில் ஒரே ஒரு மெல்லிய கோடு இருக்கும். சத்தமும் மாறிவிடும்: சரசரவென்ற உரசல் போய், விளிம்பு பனியை அறுத்துப் போகிற சன்னமான ஒலி மட்டும். இதை ஒரு தடவை சரியாகச் செய்தவர்களுக்கு வேறு எந்தத் திருப்பமும் ருசிக்காது என்று நான் மனதார நம்புகிறேன். குதிப்பது, சுழல்வது, மரங்களுக்கு நடுவே புகுந்து போவது எதிலும் எனக்கு ஆசை வந்ததில்லை. வாரிச் சமன்செய்த அகலமான சரிவு, விடியற்காலை, விளிம்பு விட்டு விளிம்பு மாறுகிற அந்தக் கணம், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இந்த விளையாட்டுக்குப் பெரிய வயதொன்றும் ஆகிவிடவில்லை. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்து இணைத்தார். 'ஸ்னர்ஃபர்' என்று அதற்குப் பெயர் வைத்தது அவர் மனைவி. ஸ்னோபோர்டு கிளைத்தது அங்கிருந்துதான். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் அது முதல்முறையாக இடம்பிடித்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறொன்று. பாப்பனே அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் இன்றைய ஸ்னோபோர்டில் ஏறி ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆஸ்திரியாவின் கிளாவ்டியா ரீக்லர் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், இரண்டு பேர் பக்கம் பக்கமாக இறங்கும் இணைச் சரிவுப் பந்தயத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 48. அதில் சரிவில் இறங்குவது முழுக்க முழுக்க கார்விங். கூடப் போட்டியிட்டவர்களில் பலர் அவருடைய பிள்ளைகள் வயதுக்காரர்கள்.

என் முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பதுகளின் நடுவில் இடது முழங்காலின் உள்பக்கக் குருத்தெலும்பு கிழிந்து, துளையிட்டுச் சரிசெய்தார்கள். தேய்மானம் அதோடு நிற்கவில்லை. ஓய்வுபெற்று 2019-இல் மதுரைக்குத் திரும்பியபோதே மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்க ஆரம்பித்திருந்தேன். காமராஜர் சாலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனால் மாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது எங்கள் வழக்கம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். அரைச் சுற்றில் கல்கட்டில் உட்கார வேண்டியதாயிற்று, அப்புறம் கால் சுற்றில். எக்ஸ்ரேயில் உள்பக்கம் எலும்போடு எலும்பு தொட்டுக்கொண்டிருந்தது.

ஆபரேஷனில் முழங்காலையே அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொடை எலும்பின் அடிநுனியையும் கீழ்க்கால் எலும்பின் மேல்நுனியையும் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிவிட்டு, மேலே கோபால்ட் குரோமியக் கலவையில் ஓர் உறை, கீழே பெரும்பாலும் டைட்டானியத் தட்டு, நடுவில் பாலிஎதிலீன் மெத்தை ஒன்று வைக்கிறார்கள். குருத்தெலும்பு செய்துவந்த வேலையை இனி அந்த மெத்தைதான் செய்ய வேண்டும். அது மெல்ல மெல்லத் தேயும். இருந்தாலும் 2019-இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, முழு மூட்டு மாற்றுகளில் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குகின்றன என்று கணித்தது. அறுபதில் மாற்றிக்கொள்கிற ஒருவருக்கு இது பெரிய செய்தி. எண்பத்தைந்து வரை தாங்கக்கூடிய ஒன்றை வாங்கிக்கொண்டு, அதைச் சோபாவில் உட்கார மட்டும் பயன்படுத்துவதா?

வீட்டுக்கு வந்த பிசியோ பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது, உசிலம்பட்டிப் பக்கம். முதல் நாளே அவர் கேட்டது: "அம்மா, இந்தக் கால் சரியானதும் நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" வேறு யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். அவர் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. மகள் எடுத்து அனுப்பியிருந்த பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "முட்டி இவ்வளவுதான மடங்குது? ஆனா மடங்குன நிலையிலயே வெயிட்டத் தாங்கணும். அப்ப அதுக்குத்தான் நாம தயார் பண்ணணும்" என்றார். நடந்தால் போதும் என்ற இலக்கோடு அவர் வேலை பார்த்திருந்தால் நான் நடந்திருப்பேன், அதோடு நின்றிருப்பேன். இலக்கைப் பொறுத்துத்தான் பயிற்சி அமைகிறது. இதை மூட்டு மாற்றிக்கொண்ட எத்தனை பெண்களுக்கு யார் சொல்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

டாக்டர் நிதானமாகப் பேசினார். நடை, சைக்கிள், நீச்சல் தாராளமாகச் செய்யலாம். ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். பனிச்சறுக்கு மாதிரியானவை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும், அதுவும் தசை முழுசாகத் திரும்பிய பிறகு. "மூட்டு தேயறதப் பத்தி நான் ரொம்பக் கவலைப்படல. நீங்க விழுந்து, இம்ப்ளான்ட்ட ஒட்டி எலும்பு முறிஞ்சா அதச் சரிபண்றதுதான் கஷ்டம்" என்றார். அதனால் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக இளைக்கிறது. முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு நம் வீடுகளில் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. என் முடிவு திருப்தியாக இருந்தது. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

முதல் வாரங்களை நீட்டி எழுத வேண்டாம். வாக்கர், ஐஸ் ஒத்தடம், ரத்தம் உறையாமலிருக்கக் கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருப்பது. படுக்கையில் குதிகாலை இழுத்து இழுத்து முட்டியை மடக்குவது. மடக்குவதில்தான் எல்லாருடைய கவனமும் இருக்கும், ஆனால் முழுசாக நீட்டுவதும் அதே அளவு முக்கியம். நீளாத முட்டியோடு நடந்தால் தொடைத் தசைக்கு ஓய்வே கிடையாது. அந்தச் சித்திரையில், இரண்டு வருஷம் கொரோனாவால் தடைபட்ட திருவிழா மறுபடி மக்களோடு நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கியதை நான் டிவியில் பார்த்தேன், குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து முட்டியை நீட்டி அழுத்திக்கொண்டே. வெளியே நாற்பது டிகிரி வெயில். முட்டியும் தன் பங்குக்குச் சுடும். ஆபரேஷன் ஆன மூட்டில் அந்தக் கதகதப்பு மாதக்கணக்கில் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தழும்புக்கு வெளிப்பக்கம் கையகலத்துக்குத் தோல் மரத்துப் போயிருந்தது. கீறலின் வழியில் ஒரு சிறு தோல் நரம்பு அறுபடுவதால் வருவது அது. பாதி திரும்பியது, மீதி இன்றும் மரத்தபடிதான்.

நிறுத்தி வைத்த சைக்கிளில் முதலில் பெடல் முழு வட்டம் போகாது. முட்டி ஏறக்குறைய 110 டிகிரி மடங்கினால்தான் போகும். அதுவரை முன்னும் பின்னுமாக அரை வட்டம் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். முழு வட்டம் போன அன்று பிசியோவுக்குப் போன் போட்டு இரண்டு பேரும் கத்தினோம்.

உண்மையான பயிற்சி தொடங்கியது அதற்கப்புறம்தான். மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. நடப்பதால் மட்டும் அது திரும்பாது. கார்விங்கில் அந்தத் தசை செய்கிற வேலையைப் பாருங்கள்: வளைவின் பிற்பாதியில் எடை கூடிக்கொண்டே போகும்போது, மடங்கிய முட்டி இன்னும் மடங்கிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் விட்டுக்கொடுத்துத் தாங்க வேண்டும். நீளும்போதே இழுத்துப் பிடிக்கிற வேலை. அன்றாட வாழ்க்கையில் அதே வேலை நடக்கிற இடம் படியிறக்கம்.

எனவே கீழக்குயில்குடி. மதுரைக்கு மேற்கே, நாகமலையை ஒட்டியிருக்கிறது சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து பாறையிலேயே வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளம் வரை ஏறுகின்றன. மேலே சுனையை ஒட்டிய பாறையில் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களும், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்தும் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய் இறங்கிவிட வேண்டும். பாறை சூடானால் இறங்குவது கொடுமை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஆரம்பத்தில் எல்லாருக்கும் சொல்லித் தருவது இதைத்தான். பல மாதம் கழித்து பிசியோ அதைத் தலைகீழாக்கச் சொன்னார். ஆபரேஷன் கால் மேல்படியில் நின்று மொத்த உடம்பையும் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும், மனசுக்குள் நாலு எண்ணி. வேகமாக இறங்கினால் தசை ஏமாற்றிவிடும். மெதுவாக இறங்கும்போதுதான் எங்கே வலு இல்லை என்று தெரியும். எனக்கு முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. அதற்குக் காரணம் முட்டி அல்ல, இடுப்புப் பக்கத் தசை. அதை வலுப்படுத்தப் பக்கவாட்டு நடை, ரப்பர் பட்டை, மறுபடியும் படிகள்.

வீட்டில் செய்ய இரண்டு சாமான் வேண்டியிருந்தது. எங்கள் தெருவுக்கு வேலைக்கு வரும் ஆசாரி ஒருவரிடம் சொல்லி, இரண்டடிக்கு ஒன்றரையடியில் சாய்வுப் பலகை ஒன்றும், கனமான பிவிசி குழாய் மேல் வைத்து நிற்க நீளப் பலகை ஒன்றும் செய்துகொண்டேன். சாய்வுப் பலகையில் விரல்நுனி மேலே பார்க்க நிற்பது குதிகால் பக்க விளிம்புக்கு. திரும்பி நின்றால் விரல் பக்கத்துக்கு. குழாய் மேல் நிற்கும்போது ஜன்னல் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொள்வேன். பிற்பாடு ஒரு கை, அப்புறம் ஒரு விரல். எதற்கு என்று ஆசாரி கேட்கவே இல்லை, ஓரங்களை மட்டும் நன்றாக இழைத்துக் கொடுத்தார்.

அக்கா கேட்டாள். "ஏண்டி, பொண்ணப் பாக்கப் போறேன்னா போ. பேரனத் தூக்கிக் கொஞ்சிட்டு வா. இதெல்லாம் எதுக்கு? விழுந்தா யாரு பாக்குறது?" கோபத்தில் கேட்டதில்லை, பயத்தில் கேட்டது. அத்தான் கடைசி வருஷங்களில் படுக்கையில் கிடந்தபோது முழுக்கப் பார்த்துக்கொண்டவள் அவள். யார் பார்ப்பது என்ற கேள்வி அவளுக்கு வெறும் பேச்சில்லை. டாக்டர் சொன்னதையும் ஸ்கேன் முடிவையும் அவளிடம் விளக்கினேன், எந்தச் சரிவில் இறங்குவேன், எதில் இறங்க மாட்டேன் என்பதையும் சொன்னேன். சமாதானம் ஆனாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் கீழக்குயில்குடிக்கு அவளும் கூட வந்து, நான் ஏறி இறங்கும் வரை அய்யனார் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் வலது முட்டி போய்விட்டது. பிசியோ கேட்ட அதே கேள்வியை ஒருநாள் அவளிடம் கேட்டேன். மூன்றுமாவடியில் எதிர்சேவை பார்த்துவிட்டு அழகரோடு தல்லாகுளம் வரை நடக்க வேண்டும், இளவயதில் அம்மா கையைப் பிடித்து நடந்தது போல, என்றாள். இத்தனை வருஷத்தில் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

2024 ஜனவரியில் கால்கரி போனேன். மதுரை விமான நிலையச் சோதனையில் முட்டி பீப் அடித்தது. தழும்பைக் காட்டியதும் அந்தக் காவலர் பெண், "எங்க அம்மாவுக்கும் பண்ணிருக்கு" என்றார்.

அங்கே போய் முதலில் செய்தது கணக்கு. கார்விங்கின் இயற்பியல் அழகானது, நம்மைப் போன்றவர்களுக்கு உபயோகமானதும்கூட. பலகையின் ஓர வளைவுக்கு ஓர் ஆரம் உண்டு. பலகையை எத்தனை டிகிரி சாய்க்கிறோமோ அதன் கொசைனால் அந்த ஆரத்தைப் பெருக்கினால், பனியில் விழுகிற வளைவின் ஆரம் ஏறக்குறைய கிடைக்கும். 60 டிகிரி சாய்த்தால் பாதியாகிவிடும். சாய்ந்தபடி விழாமல் நிற்க ஒரு குறிப்பிட்ட வேகம் வேண்டும். 8 மீட்டர் ஆரமுள்ள பலகையில் 30 டிகிரி சாய மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர் போதும். 45 டிகிரிக்கு 27. 60 டிகிரிக்கு 30. சரிவின் கோணத்தையும் பனி இளகுவதையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது, மலையில் கொஞ்சம் மாறும்.

இப்போது கால் தாங்கும் சுமையைப் பாருங்கள். 30 டிகிரியில் உடல் எடையைப் போல் 1.15 மடங்கு. 45-இல் 1.4 மடங்கு. 60-இல் 2 மடங்கு. என் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் 69, 84, 120. வேகம் 27-லிருந்து 30-க்குப் போகிறது, மூன்றே கிலோமீட்டர் வித்தியாசம், ஆனால் சுமை 36 கிலோ கூடிவிடுகிறது. இளவயதில் எல்லாரும் அந்த அறுபது டிகிரிக்காகத்தான் ஏங்குவோம். கை பனியைத் தடவிக்கொண்டு போகும், படம் எடுத்தால் நன்றாயிருக்கும். ஆனால் பனியில் விழுகிற கோடு 45 டிகிரியிலும் அதே மெல்லிய கோடுதான். விளிம்பு பிடிக்கிற உணர்வும் அதேதான். முட்டிக்கு ஏறக்குறைய முப்பது சதவீதச் சுமை குறைகிறது.

பலகை விஷயத்திலும் இதே கணக்குதான் முடிவு செய்தது. என் பழைய பலகையின் ஆரம் 11 மீட்டர். அதில் 45 டிகிரி சாய 31 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 8 மீட்டர் ஆரமுள்ள புதுப் பலகையில் 27. நான்கு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். விழும்போது உடம்பு வாங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அப்படிப் பார்த்தால் பழையதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பழைய பலகையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

காலுக்கு ஒரு கட்டையாகப் பூட்டிச் சறுக்குகிற ஸ்கீயோடு ஒப்பிட்டால் ஸ்னோபோர்டில் முழங்கால் காயம் குறைவு, மணிக்கட்டுக் காயம் அதிகம். இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால் ஒரு கால் மட்டும் தனியாக முறுக்கிக்கொள்ள வழியில்லை. ஆபத்து வருவது லிஃப்டில். நாற்காலி லிஃப்டில் ஏற வேண்டுமென்றால் பின்காலைக் கழற்றிவிட்டு முன்காலில் மட்டும் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு போக வேண்டும். என் முன்கால்தான் ஆபரேஷன் கால். பூட்ஸும் பலகையும் சேர்ந்து அந்த மூட்டைப் பக்கவாட்டில் இழுக்கும். கால்வைக்கும் கம்பி உள்ள நாற்காலிகளில் பலகையை அதன்மேல் வைத்துவிடுவேன். இல்லாத இடத்தில் வலது பூட்ஸின் நுனியைப் பலகைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்வேன். இறங்கும் இடத்தில் மகள் பக்கத்தில் வந்து தோள் கொடுப்பாள்.

இன்னொரு சங்கடம், மண்டியிடுவது. மாற்று மூட்டில் மண்டியிட்டால் ஆபத்தென்று இல்லை, ஆனால் பலருக்கு அது தாங்காது. எனக்கும்தான். பூட்ஸைப் பலகையோடு பூட்டுகிற பிடிக்குப் பைண்டிங் என்று பெயர். பட்டைகளை இழுத்துக் கட்டும் பழைய பைண்டிங்குக்குப் பனியில் உட்கார வேண்டும் அல்லது மண்டியிட வேண்டும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முட்டியை ஆழமாக மடக்க வேண்டும். இதற்கு விடையாக வந்தது பர்ட்டன் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த ஸ்டெப் ஆன். நின்றபடியே மிதித்தால் குதிகாலில் ஒன்றும் விரல் பக்கம் இரண்டுமாகப் பூட்டிக்கொள்ளும். அவசரக்கார இளைஞர்களுக்காகத்தான் விளம்பரம் செய்கிறார்கள். உண்மையில் அது எங்களைப் போன்றவர்களுக்கான பொருள். தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, இடுப்புப் பஞ்சுடை, முட்டிக் காப்பு எதையும் விடவில்லை. விரல் பக்கம் விழுந்தால் முட்டியில்தான் விழுவோம்.

முதலில் நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒலிம்பிக் பூங்காச் சரிவில், குழந்தைகள் பழகும் இடத்தில் ஆரம்பித்தேன். குதிகால் பக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. விரல் பக்கம் வரவில்லை. விரல் பக்க விளிம்பில் சாயும்போது கீழ்க்கால் எலும்பு பூட்ஸின் முன்நாக்கில் அழுந்த வேண்டும், அந்த அழுத்தத்தை வைத்துத்தான் விளிம்பு பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வோம். முட்டிக்குக் கீழே அந்தக் கையகலத் தோல் மரத்திருந்ததால் பழைய தகவல் பாதிதான் மூளைக்கு வந்தது. உடம்பு நம்ப மறுத்தது. பாதி வளைவில் பயந்து எழுந்துவிடுவேன், பலகை சுரண்ட ஆரம்பித்துவிடும். மகள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நீ முட்டியவே கவனிச்சுட்டிருக்க. கணுக்காலக் கவனி." அது சரியாக வேலை செய்தது. முட்டியை விட்டுவிட்டு, கணுக்கால் மடிப்பிலும் பெருவிரலின் அடிப்பந்திலும் அழுத்தத்தைத் தேடினேன். ஆசாரி செய்துகொடுத்த சாய்வுப் பலகையில் நின்றபோது கால் தேடிய அதே இடங்கள்தான். உடம்பு அதை மதுரையிலேயே கற்றிருந்தது, பனியில் அதைக் கூப்பிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நக்கிஸ்காவுக்குப் போனது அதற்குப் பிந்தி. 1988 கால்கரி ஒலிம்பிக்கின் மலைச்சறுக்குப் போட்டிகளுக்காக உருவாக்கிய மலை அது. இரவெல்லாம் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பனி, காலையில் சன்னமான வரிகளோடு இறுகிக் கிடக்கும். வார நாட்களில் முதல் லிஃப்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் நரைத்தவர்கள். இடுப்பு மாற்றியவர்கள், முட்டி மாற்றியவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள். லிஃப்டில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். எந்தப் பக்கம், எப்போது, இப்போது எப்படி. யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை.

நடுத்தரச் சரிவு ஒன்றில், குதிகால் வளைவு முடிகிற இடத்தில் பலகை தட்டையாகி, விரல் பக்கம் சாய்ந்தது. நான் சாய்க்கவில்லை, விட்டுக்கொடுத்தேன். விளிம்பு பிடித்தது. சுரண்டல் சத்தம் இல்லை. தொடை கனத்தது, சமணர் மலைப் படியில் நாலு எண்ணி இறங்கிய அதே கனம். வளைவு முழுசாகச் சுற்றி வந்து முடிந்தது, அடுத்த விளிம்பு தானாக வந்தது. ஓரமாக நின்று மேலே திரும்பிப் பார்த்தேன். கோடு இருந்தது. இரண்டு பக்கமும். மகள் மேலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். நான் அழுதேன், கண்ணாடிக்குள் எல்லாம் மங்கலாகிவிட்டது. அந்த ஒரு கோட்டுக்காக அதே வேலையை இன்னொரு முறை முதலிலிருந்து செய்யச் சொன்னாலும் செய்வேன்.

அளவு வைத்துக்கொண்டேன். காலையில் பனி இறுகியிருக்கும் வரைதான் சரிவு. பத்தரை மணிக்கு மேல் கூட்டம் வரும், பனி குவியும், பின்னாலிருந்து யாராவது வந்து மோதினால் என் கணக்கெல்லாம் வீண். ஒருநாள் ஓட்டம், மறுநாள் ஓய்வு. சினூக் என்கிற வெதுவெதுப்பான மலைக்காற்று வீசி பனி இளகிய நாட்களில் வீட்டில் பேரனோடு இருந்தேன். மாலையில் முட்டி கொஞ்சம் வீங்கும், ஐஸ் வைத்தால் காலைக்குள் வடிந்துவிடும். வடியாவிட்டால் அடுத்த நாளும் ஓய்வு.

இதைப் படித்துவிட்டு இதுவரை பனிப்பலகையே தொடாத யாராவது மூட்டு மாற்றிய பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ளப் போனால், வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். கற்றுக்கொள்பவர்கள் விழுந்தாக வேண்டும். அந்த வீழ்ச்சிகளைத் தாங்குவதற்கு இந்த மூட்டு சரிப்படாது. எனக்கு விழாமல் நிற்கத் தெரிந்த இருபது வருஷ உடம்பு ஏற்கெனவே இருந்தது, அதற்குக் கால் மட்டும்தான் தேவைப்பட்டது. உங்களுடையது நீச்சலாக இருக்கலாம், சிலம்பமாக இருக்கலாம், சதுரகிரி ஏறுவதாக இருக்கலாம். எதுவானாலும் அதை முதல் நாளே பிசியோவிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மதுரைக்குத் திரும்பி எக்ஸ்ரே எடுத்தோம். உறையும் தட்டும் வைத்த இடத்தில் அசையாமல் இருந்தன, மெத்தையின் இடைவெளி குறையவில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வருஷம் ஒருமுறை வாங்க, வலதையும் கவனிச்சுக்கோங்க என்றார். பிசியோ வீடியோவை வாங்கித் தன் போனில் ஏற்றிக்கொண்டார். விரல் பக்கத்தில் இடது முட்டி இன்னும் லேசாக உள்ளே சாய்கிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதற்காக இந்தக் கோடைக்கு ஒற்றைக் காலில் நின்று செய்கிற இரண்டு புதுப் பயிற்சிகளைக் கொடுத்திருக்கிறார். அடுத்த பருவத்தில் முன்கால் பைண்டிங்கை இன்னும் சில டிகிரி முன்னால் திருப்பிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.